நிமிர்ந்த தலையும் நகராத பந்தும்

வேங்கைமலை சமஸ்தானத்து ராஜா கெம்பீரவர்மருக்குத் திடீரென்று கோல்ஃப் பைத்தியம் பிடித்தது. ஊட்டிக்குக் காற்று வாங்கப் போனவர், அங்கே துரைமார் ஆடுவதைப் பார்த்துவிட்டார். அவ்வளவுதான். திரும்பி வந்த மறுவாரமே அரண்மனையைச் சுற்றியிருந்த கொள்ளுக்காடு முழுக்கப் புல்தரையாகிவிட்டது.

அந்தத் துரைமாரையெல்லாம் தோற்கடித்த பொன்னுரங்கம் என்கிற ஆட்டக்காரரையும் கையோடு கூட்டி வந்திருந்தார்.

“நீர் எனக்கு ஒன்றும் கற்றுத்தர வேண்டாம். நீர் பாட்டுக்கு ஆடும். நான் பார்ப்பேன். பார்த்தாலே எனக்கு வந்துவிடும்!”

பொன்னுரங்கம் ஒரு நாளைக்கு முந்நூறு பந்து அடித்தார். ஒவ்வொன்றும் விர்ரென்று கிளம்பி, மூன்றாவது ஊரில் மோர் கடைகிறவளின் பானைக்குள் போய் விழுந்தது. அவர் கால் வைப்பது, இடுப்பைத் திருப்புவது, மணிக்கட்டை மடக்குவது என்று அரண்மனை ஓவியர் படம் படமாக வரைந்து தள்ளினார். ராஜா அத்தனையையும் அப்படியே செய்தார். பொன்னுரங்கம் அடிக்குமுன் ஒரு தடவை இருமுவார், ராஜாவும் இருமினார். அவர் ஒரு காலை லேசாக இழுத்து நடப்பார், ராஜாவும் இழுத்தார். ராஜா இழுத்ததால் சபையே காலை இழுத்துக்கொண்டு நடந்தது.

பந்து மட்டும் நகரவில்லை. புல் பறந்தது, மண் பறந்தது, ஒரு நாள் மட்டையே பறந்தது. பந்து வைத்த இடத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

ராஜாவுக்கு மூக்கு சிவந்துவிட்டது.

“ஓய்! ஏதோ ரகசியத்தை ஒளிக்கிறீர். நாளைக் காலை என் பந்து அந்தக் குளத்தைத் தாண்ட வேண்டும். இல்லையென்றால் உமக்கு ஆயுள் முழுக்கச் சிறைக் கொட்டடிதான்!”

பொன்னுரங்கம் ஆடிப்போனார். ஊட்டியில் பெண்டாட்டி பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். ராஜாவிடம் பயமில்லாமல் பேசக்கூடிய ஒரே ஆள் அவருடைய விகடமந்திரி சங்குமணிதான். பொன்னுரங்கம் அந்தச் சங்குமணியின் வீட்டுக்கு ஓடினார்.

“ரகசியமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லைங்க. அடிக்கும்போது தலையைக் குனிஞ்சு நிக்கணும். பந்து போன பிறகும் சட்டுனு தூக்கக் கூடாது. மகாராஜா விறைச்சு நிமிர்ந்துக்கிட்டே அடிக்கிறார்.”

“அதைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?”

“தளவாய்கிட்டச் சொன்னேன். கத்தியை உருவிட்டாரு!”

உருவத்தான் செய்வார். கெம்பீரவர்மர் வம்சம் யார் முன்னாலும் தலை குனியாத வம்சம். ராஜாவைக் குனிய வைத்தவனுக்கு நாடு கடத்தல் தண்டனை. பாயசம் குடிக்கக்கூடக் கிண்ணம்தான் மேலே போகுமே தவிர, ராஜாவின் வாய் கீழே வராது.

சங்குமணி தாடையைச் சொறிந்தார். “சரி, போய்த் தூங்கும். காலையில் நான் வருகிறேன்.”

விடிந்தது. சபை முழுக்கக் குளக்கரையில் கூடிவிட்டது. ராஜா பந்துக்கு எதிரே போய் நின்றார். சங்குமணி மடியிலிருந்து ஒரு வட்டக் கண்ணாடியை எடுத்து, ராஜாவின் பாதத்துக்கும் பந்துக்கும் நடுவே புல்லில் மல்லாக்க வைத்தார்.

“இது என்னய்யா?”

“ஒன்றுமில்லை மகாராஜா. தங்கள் மீசையின் இடது நுனி கொஞ்சம் தொங்குகிற மாதிரி இருக்கிறது. இத்தனை பேர் பார்க்கிறார்களே என்றுதான்...”

“தொங்குகிறதா? என் மீசையா?”

ராஜா குனிந்தார். கண்ணாடிக்குள் உற்றுப் பார்த்தார்.

“நன்றாகத்தானே இருக்கிறது!”

“இன்னும் நன்றாகப் பாருங்கள். பார்த்துக்கொண்டே அடியுங்கள் மகாராஜா. மட்டை சுழலும்போது மீசை ஆடுகிறதா என்று தெரிந்துவிடும்.”

ராஜா இருமினார். மீசையிலிருந்து கண்ணை எடுக்காமல் மட்டையைச் சுழற்றினார்.

டணார்!

பந்து குளத்தைத் தாண்டியது, தோப்பைத் தாண்டியது, மலையடிவாரக் கோயில் மணியில் மோதி உச்சிக்கால பூஜையைக் காலையிலேயே தொடங்கி வைத்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது. ராஜா மட்டும் இன்னும் குனிந்தே இருந்தார்.

“மீசை ஆடவே இல்லையே ஐயா!”

அப்போதுதான் தளவாய் முன்னால் பாய்ந்தார். அவருக்குச் சங்குமணியைக் கண்டாலே ஆகாது.

“மகாராஜா! மோசம் போனோம்! ஊர் பார்க்கத் தாங்கள் தலை குனிந்துவிட்டீர்கள். குனிய வைத்தவன் இந்தச் சங்குமணி. இன்றைக்கே நாடு கடத்த வேண்டும்!”

ராஜா வெடுக்கென்று நிமிர்ந்தார். முகம் கறுத்தது.

“சங்குமணி! என் வம்சத்தில் எவனும் செய்யாததை என்னைச் செய்ய வைத்துவிட்டாயே! யார் முன்னால் என் தலையைக் குனிய வைத்தாய்?”

“கண்ணாடிக்குள் யாரைப் பார்த்தீர்கள் மகாராஜா?”

“என்னைத்தான் பார்த்தேன்.”

“அப்படியானால் தாங்கள் குனிந்தது வேங்கைமலை ராஜா கெம்பீரவர்மர் முன்னால். அவருக்கு அந்த மரியாதை கூடாது என்று தளவாய் சொல்கிறாரா? கேட்டுச் சொல்லுங்கள்.”

தளவாய் இரண்டடி பின்வாங்கினார். “நான்... நான் அப்படிச் சொல்வேனா?”

ராஜாவுக்கு இன்னும் மனம் ஆறவில்லை. “அது சரி. நான் குனிந்தேனே, பதிலுக்கு அந்த ராஜா எனக்குக் குனிந்தாரா?”

“என்ன இப்படிக் கேட்டுவிட்டீர்கள்! தாங்கள் குனிந்த அதே நொடியில் அவரும் குனிந்தார். தாங்கள் நிமிர்கிறவரை அவரும் நிமிரவில்லை. அப்படி ஒரு மரியாதை தெரிந்த ராஜாவை நான் வேறெங்கும் பார்த்ததில்லை மகாராஜா!”

ராஜா சிரித்த சிரிப்பில் குளத்து மீனெல்லாம் ஒரு முழம் துள்ளி விழுந்தன. பொன்னுரங்கம் அன்றைக்கே யானை மேல் ஊட்டிக்குப் புறப்பட்டார். சங்குமணிக்கு முத்துமாலை கிடைத்தது. ராஜா அதைத் தம் கையாலேயே அவர் கழுத்தில் போட்டார், குனியாமல்.