முதலிடத்துப் பாட்டுக்கு எழுந்து நின்றவர்கள்

நாகவழுதி மகாராஜாவின் நாட்டில் மழை பெய்ததோ இல்லையோ, பாட்டு பெய்துகொண்டே இருந்தது. காலையில் படகுத்துறையில் ஒரு பாட்டு கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் அரண்மனைச் சமையற்கட்டில் கேட்கும். மாலையானால் எந்தப் பாட்டு உசத்தி என்று சபையே மல்லுக்கு நிற்கும். அக்கரை அரசன் இரும்பிடையன் படை திரட்டுகிறான் என்று ஒற்றன் ஓடிவந்தால்கூட, இந்தச் சரணம் முடியட்டும், அப்புறம் சொல் என்பார்கள்.

பட்டத்தரசிக்கு மைனாப் பாட்டுதான் உயிர். சேனாதிபதி கொம்பையனுக்கு நெத்திலிப் பாட்டு. நெத்திலி வலைக்குள் நுழையும் இடம் வந்தால் அந்த முரட்டு மனிதர் தேம்பித் தேம்பி அழுவார். அரசியோ அந்தப் பாட்டைக் கேட்டாலே மூக்கைப் பிடித்துக்கொள்வார். ராஜாவுக்குப் பிடித்தது அவரே கட்டிய குதிரைப் பாட்டு. அதில் நூற்றெட்டுச் சரணம். முதல் சரணத்தில் லாயத்தை விட்டுக் கிளம்பும் குதிரை, கடைசிச் சரணத்திலும் வாசலைத் தாண்டியிருக்காது.

ஒருநாள் சண்டை முற்றிவிட்டது. தாய்வீட்டுக்குப் போகிறேன், பல்லக்கைக் கொண்டுவா என்றார் அரசி. படைவீரர்கள் நெத்திலிக்குக் கொடி பிடித்தார்கள். ராஜா தன் மதியூகியான செவ்வந்தியப்பனைக் கூப்பிட்டார்.

"எந்தப் பாட்டுக்கு முதலிடம் என்று நீதான் தீர்த்துச் சொல்ல வேண்டும். நீ நல்ல ரசிகன், சரியாகத்தான் சொல்வாய்" என்று சொல்லிவிட்டுக் குதிரைப் பாட்டை மெல்ல முனகினார். "தப்பாகச் சொன்னாலும் தண்டிக்க மாட்டேன். ரசனை போதவில்லை என்றுதானே அர்த்தம்? தினம் விடியற்காலையில் வந்து உட்கார். ரசனை வரும்வரை நானே பாடிக் காட்டுகிறேன்."

செவ்வந்தியப்பன் கணக்குப் போட்டுப் பார்த்தான். தலையை வெட்டினால் ஒரே வலியோடு போகும், இது ஆயுசு முழுக்க அல்லவா. சரி, குதிரைக்கே முதலிடம் என்று சொல்லித் தொலைக்கலாம் என்றால், அரசி பல்லக்கில் ஏறிவிடுவார், படை அரண்மனை மேல் ஏறிவிடும். தலையைச் சொறிந்தபடி கேட்டான்.

"முதலிடம் யாருக்கு என்பது இருக்கட்டும் மகாராஜா. முதலிடத்துக்கு என்ன மரியாதை? முதலில் அதை முடிவு செய்வோம்."

அவரவருக்குத் தன் பாட்டுதான் ஜெயிக்கும் என்று நினைப்பு. மரியாதையை அள்ளி வழங்கினார்கள். முதலிடத்துப் பாட்டு காதில் விழுந்தால் ஆயுதத்தைக் கீழே போட வேண்டும் என்றார் கொம்பையன். செய்கிற வேலையை விட்டுவிட்டு எழுந்து நிற்க வேண்டும் என்றார் அரசி. விடுவாரா ராஜா? அரசனே ஆனாலும் மகுடத்தைக் கழற்றிவிட்டு, பாட்டு முடியும்வரை வாய்பொத்தி நிற்க வேண்டும், இந்தச் சட்டத்தை மாற்ற நினைத்தால் என் மகுடமே போகட்டும் என்று முத்திரையும் குத்திவிட்டார்.

ஆளுக்கு ஒரு நாள் முதலிடம் கொடுத்துப் பார்ப்போம் என்றான் செவ்வந்தியப்பன்.

நெத்திலியின் நாளில், போர்ப்பயிற்சித் திடல் ஓரமாக ஒரு மீன்காரி பாடிக்கொண்டே போனாள். மொத்தப் படையும் வேல்களைக் கீழே போட்டு வாய்பொத்தி நின்றது. இப்படியொரு சபை வாய்க்குமா? கூடையை இறக்கி வைத்துவிட்டு இருட்டும்வரை அதையே திரும்பத் திரும்பப் பாடினாள். வெயிலில் கொம்பையனின் மீசை மட்டும்தான் நிமிர்ந்து நின்றது.

மைனாவின் நாளில், அடுப்பங்கரையில் யாரோ ஒருத்தி முணுமுணுத்தாள். சமையல்காரர்கள் கண்ணெதிரே பொங்கல் தீய்ந்தது. ஒருத்தி முடித்தால் இன்னொருத்தி ஆரம்பித்தாள். அரசி அன்று முழுப்பட்டினி.

குதிரையின் நாளில், ராஜா தலைமுழுகிவிட்டு எழுந்த நேரம் பார்த்து வாயிற்காவலன் ஆரம்பித்தான். நூற்றெட்டுச் சரணத்தையும் ராஜா சொட்டச் சொட்ட நின்று கேட்டார். தன் பாட்டை அவர் முழுதாகக் கேட்டது அன்றுதான். அந்தக் குதிரையை யாராவது அவிழ்த்து விடக்கூடாதா என்று மனசுக்குள் புலம்பினார். வாய்தான் பொத்தியிருக்கிறதே.

மறுநாள் சபையில் மறுபடியும் சண்டை, ஆனால் தலைகீழாக. யோசித்துப் பார்த்தால் நெத்திலியில் என்னவோ ஓர் ஆழம் இருக்கிறது என்றார் அரசி. மைனாவுக்கு ஈடு உண்டா என்றார் கொம்பையன். குதிரைப் பாட்டைக் கட்டியவன் யாரோ கற்றுக்குட்டி என்றார் ராஜா.

அந்த நேரம் பார்த்து ஒற்றன் வந்தான். இரும்பிடையன் படையோடு புறப்படத் தயார். 'வருகிறேன் வருகிறேன்' என்று அவனே கட்டிய போர்ப்பாட்டைப் பாடினால்தான் அவன் வீரர்கள் காலே தூக்குவார்களாம். சபையில் எல்லார் முகமும் வெளுத்தது.

"அந்தப் பாட்டுக்கே முதலிடத்தைக் கொடுத்துவிடலாம் மகாராஜா" என்றான் செவ்வந்தியப்பன்.

பட்டுக்குடை, மேளதாளத்தோடு சட்ட ஓலை அக்கரைக்குப் போனது. இரும்பிடையனுக்குத் தலைகால் புரியவில்லை. எதிரியே வாய்பொத்தி நிற்கிற பாட்டுக்கு என் நாட்டில் மரியாதை குறைச்சலா என்று அதே சட்டத்தைத் தன் நாட்டிலும் போட்டான். பிறகு போருக்குக் கிளம்பினான். முன்வரிசைக்காரன் 'வருகிறேன்' என்று எடுத்தான். பின்வரிசைகள் ஆயுதத்தைப் போட்டுவிட்டு அசையாமல் நின்றன. பாட்டு முடிந்ததும் காலைத் தூக்க வேண்டும். தூக்க வேண்டுமானால் பாட வேண்டும். இன்னமும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

நாகவழுதி சிரித்த சிரிப்பில் சிம்மாசனம் ஆடியது. செவ்வந்தியப்பனை இறுகக் கட்டிக்கொண்டார்.

"உனக்குப் பொன்னும் பொருளும் எம்மாத்திரம்? நாளையிலிருந்து தினம் விடியற்காலையில் வா. குதிரைப் பாட்டு முழுவதையும் உனக்காகவே பாடுகிறேன். இப்போதே முதல் சரணம்..."

ராஜா தொண்டையைக் கனைத்தார். செவ்வந்தியப்பன் முந்திக்கொண்டான்.

"வருகிறேன், வருகிறேன்..." என்று பாடத் தொடங்கினான்.

மகாராஜா மகுடத்தைக் கழற்றிவிட்டு, வாய்பொத்தி எழுந்து நின்றார். செவ்வந்தியப்பன் பாடிக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தான்.