பாவாத்தாளின் பாதிக் கதிர்

ஊசிக்கரட்டு மலையின் அடிவாரத்தில், படிகள் தொடங்கும் தோரண வளைவுக்குப் பக்கத்தில், மண்சட்டியில் கரியை மூட்டிச் சோளக்கதிர் சுட்டுக்கொண்டிருந்தார் பாவாத்தாள் அம்மையார். அவர் பாட்டுக் கட்டியவரில்லை, திருப்பணி செய்தவரில்லை, கோயிலுக்கு ஒரு விளக்குத் திரிகூடத் தந்தவரில்லை. இவரையெல்லாம் அடியார் வரிசையில் சேர்க்கலாமா என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். மேலே இருக்கிற வேலவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

விடிந்ததும் மூட்டையைப் பிரித்துக் கதிர்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுப்பார். தோகையைச் சற்றே விலக்கி, மணியில் கட்டைவிரல் நகத்தை அழுத்துவார். பால் தெறித்தால் இளசு. அதன் தோகையை உரித்து எறியாமல் பின்னுக்கு மடித்துக் கைப்பிடியாகக் கட்டி, கனலுக்கு மேலே நாலு விரல் தள்ளிப் பிடித்துச் சுடுவார். பால் வராவிட்டால் முற்றல். அதைத் தோகையோடு தண்ணீரில் நனைத்துச் சாம்பலுக்குள் புதைத்துவிடுவார். மேலே தோகை கருகக் கருக உள்ளே கதிர் தன் ஈரத்திலேயே வெந்துவிடும். விசிறியை வேகமாக வீசினால் வெளியே கருகி உள்ளே பச்சையாக நிற்கும் என்பதால் அம்மையாரின் கை எப்போதும் மெதுவாகவே அசையும். அவசரக்காரர்கள் அந்தக் கையைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள். நிற்கட்டுமே.

கதிர் சுடுவது பாதி வேலைதான். யாருக்கு எதைத் தடவித் தர வேண்டும் என்பது மீதி வேலை. படியிறங்கி வருகிற வாலிபர்களுக்கு எலுமிச்சை மூடியை உப்பிலும் மிளகாய்த் தூளிலும் தோய்த்து, வரிசை வரிசையாக அழுத்தித் தேய்த்துத் தருவார். இருமிக்கொண்டு வருபவருக்கு மிளகும் சீரகமும் பொடித்தது. குழந்தைகளுக்கு நெய்யும் ஒரு சிட்டிகை நாட்டுச் சர்க்கரையும். பல் போனவர்களுக்கு மணிகளை உதிர்த்து, உப்புத் தண்ணீர் தெளித்து, கல்லில் லேசாக நசுக்கி இலையில் வைப்பார். ஒரு தரம் வந்தவர் அடுத்த வருஷம் வந்தாலும் முகத்தைப் பார்த்ததும் அவருடைய பக்குவம் அம்மையாருக்கு நினைவு வந்துவிடும். பேர்தான் மறந்துபோகும்.

அம்மையாரின் பேரை நினைவு வைத்திருக்கத்தான் யாரும் இல்லை.

கணவர் ஆறுச்சாமியோடு சோளக் காடுகளில் கதிர் ஒடிக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர் அவர். பிள்ளைகள் இல்லை. மத்தியானம் வரப்பில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து இருவரும் சாப்பிடுவார்கள். ஒரு நாள் பாரம் ஏற்றிய வண்டி வாய்க்கால் மேட்டில் குடை சாய்ந்தது. ஆறுச்சாமி அந்த இடத்திலேயே போய்விட்டார். அம்மையாரின் இடது கால் ஒடிந்து, கோணலாகக் கூடிக்கொண்டது. அதற்குப் பிறகு வீட்டில் சோறு இறங்கவில்லை. எதிரே ஆள் இல்லாத தட்டு, அவ்வளவுதான் காரணம். நாலு கவளம் பிசைவதும் அப்படியே மூடி வைப்பதுமாகச் சில மாதங்கள் கழிந்தன. பிறகு, கணவருக்குப் பேராக இருந்த அந்தச் சாமியாவது பக்கத்தில் இருக்கட்டும் என்று ஊசிக்கரட்டுக்கு வந்து சேர்ந்தார். அறுநூறு படி ஏற அந்தக் கால் இடம் கொடுக்கவில்லை. அடிவாரத்திலேயே கரிச்சட்டியை வைத்துவிட்டார்.

ஆக, பத்தொன்பது வருஷம் அந்த மலையின் காலடியில் வாழ்ந்தும் வேலவரின் முகத்தை அவர் ஒரு நாளும் கண்டதில்லை. கண்டவர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்வார். முதலில் இறங்கி வருகிறவரிடம், இன்றைக்குச் சாமி என்ன கோலத்தில் இருக்கிறார் என்று விசாரிப்பார். அதற்கேற்பத் தாம் சாமிக்கென்று எடுத்து வைத்த முதல் கதிரைப் பக்குவம் செய்வார். ராஜ அலங்காரம் என்றால் நெய். உடம்பெல்லாம் சந்தனம் என்றால் சாமிக்குக் குளிருமே என்று மிளகும் சீரகமும். ஆண்டிக் கோலம் என்றால் மட்டும் கை தயங்கும். ஆண்டிக்கு எதைத் தடவுவது? கொஞ்சம் உப்பு, கொஞ்சம் காரம், எதற்கும் இருக்கட்டும் என்று எலுமிச்சை.

மலை உச்சி தெரியும்படி ஒரு தட்டைக் கல்லில் தேக்கிலை விரித்து அதை வைப்பார். "கூட உக்காந்து சாப்புட ஆருமில்லீங்க சாமி. செத்த நேரம் இருங்க. பக்குவம் சரியில்லைன்னா சொல்லோணும்" என்பார். அந்தக் கதிரின் சூடு ஆறும்வரை காத்திருந்துவிட்டு, விற்காமல் நின்ற சொத்தைக் கதிர் ஒன்றைச் சாம்பலிலிருந்து எடுத்துத் தாம் உண்பார். அதற்கு உப்பில்லை, புளிப்பில்லை. தமக்கென்று ஒன்றைத் தடவிக்கொள்ள அவருக்குத் தோன்றியதே கிடையாது.

பத்தொன்பது வருஷமும் சாமி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கதிரைக் குரங்குகள் தூக்கிக்கொண்டு போயின. எதிரே பொரிகடலை விற்ற மாரப்பன், சாமிக்கு வால் முளைத்த சேதி தமக்குத் தெரியாமல் போயிற்றே என்பார். கூடி நின்றவர்கள் சிரிப்பார்கள். அம்மையாரும் சிரித்துவைப்பார். சிரித்த பிறகு வெகுநேரம் கனலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்த ஆண்டு தோரண வளைவுக்குப் புதுச் சாயம் பூசினார்கள். கோயில் காரியங்களைப் பார்த்துக்கொண்ட தண்டபாணி கெட்ட மனிதரில்லை. சாயத்தின்மேல் அவருக்குப் பிரியம் அதிகம், அவ்வளவுதான். கரிப்புகை பட்டு வளைவில் தீட்டிய மயில்கள் கறுக்கின்றன என்று சொல்லி, மலையின் பின்பக்கம் பழைய பாதை இறங்கும் இடத்துக்கு அம்மையாரை மாற்றினார். அந்தப் பாதையில் ஆள் நடந்து பல காலம் ஆகியிருந்தது. அம்மையார் எதிர்த்துப் பேசவில்லை. "அங்கிருந்து உச்சி தெரியுமுங்களா?" என்று மட்டும் கேட்டார். தெரியும் தெரியும் என்று சொல்லிவிட்டுத் தண்டபாணி போய்விட்டார்.

தெரியவில்லை. ஒரு பெரும்பாறை குறுக்கே நின்று மலையுச்சியை முழுக்க மறைத்தது.

வாடிக்கைக்காரர்கள் வராதது பெரிய துன்பமாக அவருக்குப் படவில்லை. சாமியின் அன்றைய கோலத்தைச் சொல்ல ஒருவரும் இல்லை என்பதுதான் நெஞ்சை அறுத்தது. எதைத் தடவுவது என்று தெரியாமல் கதிரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பாறையைப் பார்த்துப் பேசுவது சாமியிடம் போய்ச் சேருகிறதா என்கிற சந்தேகம் வேறு. நாள் முழுக்கத் தம் குரலைத் தவிர வேறு மனிதக் குரல் கேட்காத நாட்கள் வந்தன. குரங்குகள்கூட அந்தப் பக்கம் வரவில்லை. வைத்த கதிர் வைத்தபடியே ஆறிக் கிடக்கும். அதைப் பார்க்கிறபோது, ஆறுச்சாமி இறந்த மறுநாள் மூடி வைத்த தட்டு அவருக்கு நினைவுக்கு வந்துவிடும். ஆனாலும் மறுநாள் முதல் கதிர் சாமிக்கு என்பது மாறவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாத மழை. ஓலைச் சார்ப்பு ஒழுகி, உப்பு தண்ணீராக ஓடியது. மிளகாய்த் தூள் கட்டிதட்டிப் பூசணம் பூத்துவிட்டது. எலுமிச்சை அழுகிப்போனது. நாலாம் நாள் மூட்டையில் கைவிட்டால் ஒரே ஒரு கதிர் இருந்தது. நுனியில் மணி பிடிக்காத பொக்குக் கதிர், அதுவும் முற்றல். அம்மையார் இரண்டு நாளாக எதுவும் உண்டிருக்கவில்லை.

ஈரக் கரியை ஊதி ஊதிக் கண் சிவந்து, சாம்பலைச் சூடாக்கி அந்தக் கதிரைப் புதைத்தார். மேலே உச்சிக்கால பூசை முடிந்து நடை சாத்தும் மணி மழையினூடே லேசாகக் கேட்டது. அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. பத்தொன்பது வருஷமும் அவர் அழுது வேலவர் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டிருப்பார்.

"இன்னைக்கு ஒண்ணுமே இல்லீங்க சாமி. உப்புக்கூட இல்லீங்க. கதிரும் இது ஒண்ணுதான். நீங்களே சாப்புடுங்க" என்று பாறையிடம் சொன்னார்.

வெந்த கதிரை எடுத்து இலையில் வைக்கிற நேரத்தில், ஆள் நடக்காத அந்தப் பாதையில் ஒருவர் இறங்கி வந்தார். மொட்டைத் தலை, இடுப்பில் ஒற்றைத் துணி. மழையில் நனைந்து உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. சார்ப்புக்குள் வந்து கரிச்சட்டியின் முன்னே குந்தி, கையை அனலில் காட்டினார். கதிர் இருக்கிறதா என்று கேட்டார்.

இருக்கிறது என்றால் சாமிக்கு வைத்தது போய்விடும். இல்லை என்றால் கண்ணெதிரே பொய். ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதைச் சாமிக்கென்று எடுத்துவைத்துவிட்டேன் என்று உள்ளதைச் சொன்னார். வந்தவர் தலையை ஆட்டினார். கோபித்துக்கொள்ளவில்லை, கெஞ்சவுமில்லை.

"பசிக்குதுங்க" என்றார்.

அம்மையார் பாறைப் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். ஒரு நாள், ஒரே ஒரு நாள் பொறுத்துக்கொள்ளச் சொல்லி மனசுக்குள் மன்னிப்புக் கேட்டார். பிறகு கதிரை எடுத்துத் தோகையை உரித்தார். பழக்க தோஷம், வாய் தன்பாட்டில் கேட்டுவிட்டது: "எப்பிடிங்க வேணும்? காரமுங்களா, நெய்யுங்களா?" கேட்ட பிறகுதான் தம்மிடம் எதுவுமே இல்லை என்பது உறைத்து, வெட்கத்தில் குன்றிப்போனார்.

வந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க எப்பிடிச் சாப்புடுவீங்க?"

பத்தொன்பது வருஷத்தில் அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. "நானுங்களா? நான் சும்மா வெறுங்கதிர்தானுங்க. சாம்பலைத் தட்டிப்போட்டு அப்பிடியே."

"அப்பிடியே குடுங்க. எனக்கும் அதுதான் வேணும்."

வாங்கிய கதிரை அவர் இரண்டு கையாலும் பிடித்து ஒடித்தார். அது நேராக ஒடியாமல் சாய்வாக, ஒரு பக்கம் நாராகப் பிரிந்து ஒடிந்தது. மணி நிறைந்த அடிப்பாதியை அம்மையாரிடம் நீட்டி, பொக்கு நுனியைத் தாம் வைத்துக்கொண்டார். அம்மையார் வேண்டாம் என்று பின்வாங்கினார்.

"எதுக்கால ஆளு சாப்புடாம எனக்கு எறங்காதுங்க" என்றார் அவர்.

அம்மையார் வாங்கிக்கொண்டார். கனலுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் இவர். இருவரும் மழையைப் பார்த்துக்கொண்டு மணி மணியாகக் கடித்துத் தின்றார்கள். உப்பில்லாத அந்தக் கதிர் அவ்வளவு இனிக்கும் என்று அம்மையாருக்கு அதுநாள் வரை தெரியாது. தின்று முடித்து எழுந்தபோது வந்தவரின் வலது கடைவாயில் தோகைக் கரி ஒரு விரல் நீளத்துக்கு அப்பியிருந்தது. துடைத்துக்கொள்ளச் சொல்வதற்குள், நாளைக்கும் இதே பக்குவம் போதும் என்று சொல்லிவிட்டு, வந்த பாதையிலேயே மேலே போய்விட்டார். நாளைக்கா என்று யோசித்துக்கொண்டே அம்மையார் தம் பாதியின் சக்கையை இலையில் வைத்தார். வழக்கம்போல அதை நெருப்பில் போட மனம் வரவில்லை.

மாலை நான்கு மணிக்கு மழை விட்டது. நடை திறக்கப் போன விசுவநாத குருக்கள் கருவறை வாசலிலேயே நின்றுவிட்டார். மழையில் பூ வராததால் அன்று காலை அவர் அலங்காரம் எதுவும் செய்யவில்லை, வேலவர் ஆண்டிக் கோலத்தில்தான் இருந்தார். பீடத்தில், பாதங்களுக்கு அருகே, தின்று முடித்த பாதிக் கதிரின் சக்கை கிடந்தது. சுற்றிலும் சாம்பல் சிந்தியிருந்தது. எலி, குரங்கு என்று தண்டபாணி என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். தாம் திறக்கும்வரை பூட்டு பூட்டினபடியே இருந்ததென்று குருக்கள் சொன்னதும் அதையும் விட்டுவிட்டார். சாம்பலில் சுடுகிறவர் அந்த வட்டாரத்திலேயே ஒருவர்தான் என்பது குருக்களுக்குத் தெரியும். சக்கையை ஒரு வாழையிலையில் ஏந்திக்கொண்டு பழைய பாதை வழியாக இறங்கினார். தண்டபாணி பின்னாலேயே வழுக்கி வழுக்கி வந்தார்.

அம்மையார் நடந்ததைச் சொன்னார். சொல்லும்போதுகூட, சாமிக்கு வைத்ததை எடுத்து வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோமே என்று தாம் செய்த குற்றத்தைத்தான் சொன்னார். குருக்கள் அவருடைய பாதியை வாங்கித் தம் கையிலிருந்த பாதியோடு சேர்த்தார். சாய்வுக்குச் சாய்வு, நாருக்கு நார், இரண்டும் ஒட்டி நின்றன.

தண்டபாணி சேற்றிலேயே விழுந்து வணங்கினார். இனி வளைவுப் பக்கமே வந்துவிடுங்கள் என்று அவர் குழறியது அம்மையார் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. வளைவுக்கு அழைத்து வந்து ஒரு நாற்காலியில் அவரை உட்காரவைத்து, ஒரு பக்கம் தண்டபாணியும் மறுபக்கம் மாரப்பனுமாக, அறுநூறு படியும் தோளில் சுமந்து ஏறினார்கள். ஊரைச் சிரிக்கவைத்த மாரப்பன் அன்று மூச்சு வாங்கினாரே ஒழிய வாயைத் திறக்கவில்லை.

கருவறை முன்னால் அம்மையாரை இறக்கினார்கள். குருக்கள் தீபத்தைத் தூக்கிக் காட்டினார். மொட்டைத் தலையும் ஒற்றைத் துணியுமாக வேலவர் நின்றார். வலது கடைவாயில் ஒரு விரல் நீளத்துக்குக் கரி. குருக்கள் அதைத் துடைக்க அஞ்சி விட்டுவைத்திருந்தார்.

சேதி கேட்டுப் பின்னால் ஏறி வந்த கூட்டம் முருகா என்று கூவியது. அம்மையார் கூவவில்லை. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, வீட்டு மனிதரிடம் பேசுகிற குரலில் சொன்னார்:

"வாயைக்கூடத் தொடைச்சுக்காமப் போயிட்டீங்களே சாமி."

அதன் பிறகு ஊசிக்கரட்டில் உச்சிக்காலத்துக்கு முன் ஒரு முற்றல் கதிர் சாம்பலில் வேகும். அதற்கு உப்பும் இல்லை, காரமும் இல்லை. ஒரு பாதி வேலவருக்கு. மறுபாதி, அன்றைக்குத் துணையில்லாமல் தனியாக மலையேறி வந்தவர் யாரோ, அவருக்கு. தனித்திருப்பவர் பசியைத் தன் பசியாக்கிக்கொண்டு பெருமானே இறங்கி வரும்படி ஒரு பிடி சாம்பலில் அன்பைச் சுட்டுவைத்த பாவாத்தாள் அம்மையாரின் கோணல் காலுக்கு நம் வணக்கம்.