கேட்கும் ஆசை

காவிரிக் கரையில் ஓர் ஆசிரமம். யோகாம்பாள் அங்கே பெண்களுக்கு வடமொழி சொல்லிக்கொடுத்துவந்தார். ஒவ்வொருத்திக்கும் ஒரு வினைவேர் கொடுப்பார். அது உள்ளே இறங்கினால்தான் அடுத்தது.

தைலம்மைக்குக் கிடைத்தது ‘ச்ரு’. காதால் கேட்பது என்று பொருள். கூடச் சேர்ந்தவர்கள் பல வேர்கள் தாண்டிப் போய்விட்டார்கள். அவள் மட்டும் ச்ருவிலேயே நின்றாள். குருவைவிட வயதில் மூத்தவள் வேறு. அந்த வெட்கம் அரித்துக்கொண்டே இருந்தது.

அவளுக்கு ஒரு சந்தேகம். அந்த வேரிலிருந்து வந்த சொல் ‘சுச்ரூஷை’. பிரித்துப் பார்த்தால், கேட்க வேண்டும் என்கிற ஆசை. உலகத்தாரோ நோயாளிக்குச் செய்யும் பணிவிடையை அப்படிச் சொல்கிறார்கள். காதுக்கும் கஞ்சிக்கும் என்ன உறவு?

யோகாம்பாள் சிரித்தார். “இருங்க தைலம்மை. தானா வரும்.”

அது வருவதற்குள் அவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

தைலம்மை வேறு யாரையும் கிட்டே விடவில்லை. அடுப்படிக்கும் கட்டிலுக்குமாக அலைந்தாள். அவள் பிறந்த வீட்டில் காய்ச்சல் என்றால் உப்பில்லாப் பத்தியம்தான். அப்படியே நொய்க்கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தாள். யோகாம்பாள் ஒரு வாய் வாங்கினார். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏதோ சொல்லப்போனார்.

“பேசாதீங்கம்மா, தொண்டை புண்ணாயிடும். நொய் பிடிக்கலை, அதானே? எனக்குத் தெரியாதா?”

அடுத்து புழுங்கலரிசி. அதுவும் அப்படியே திரும்பியது.

“தைலம்மை, கொஞ்சம்...”

“கொஞ்சம் சுக்கு தட்டிப் போடணும். போட்டுடறேன். நீங்க கண்ணை மூடுங்க.”

பார்லி வந்தது. ஜவ்வரிசி வந்தது. எல்லாம் வந்த வழியே போயின.

கூடப் படிக்கும் வத்சலா வாசற்படியில் நின்று பார்த்தாள். “அக்கா, காய்ச்சல்ல பாதி, உங்க பேச்சுல பாதி. அம்மா ரொம்பக் களைச்சுட்டாங்க.”

“நீ போய் உன் பாடத்தைப் பாருடி.”

வைத்தியர் நாடி பார்த்தார். “காய்ச்சல் விட்டாச்சு. வயித்துலதான் ஒண்ணும் இல்லை. நாளைக்கும் சாப்பிடலேன்னா டவுன் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோகணும்.”

தைலம்மை கட்டிலைப் பார்த்தாள். இந்த உடம்பு அங்கே போனால் திரும்பி வருமா?

மறுபடியும் கஞ்சி கொண்டுவந்தாள். வேறு எதைச் சமைப்பது என்று தெரியவில்லை. கட்டிலருகே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“நான் மக்கும்மா. அஞ்சாவதோட நின்னவ. ச்ருவும் வரலை, பணிவிடையும் வரலை. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு அதை மட்டுமாவது சொல்லிட்டுப் போங்க.”

போங்க என்று சொல்லிவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதற்குமேல் பேச்சு எழவில்லை.

யோகாம்பாளின் உதடுகள் அசைந்தன.

“பேசா...” என்று தொடங்கியவள் வாயை மூடிக்கொண்டாள். எழுந்து, குனிந்து, காதை அவர் வாயருகே கொண்டுபோனாள்.

“உப்பு,” என்றார் யோகாம்பாள். “முதல் கஞ்சியிலேருந்து சொல்றேன்.”

தைலம்மை அடுப்படிக்கு ஓடினாள். இரண்டு கல் உப்பு எடுத்துவந்து கஞ்சியில் போட்டுக் கலக்கினாள். யோகாம்பாள் மெல்ல மெல்ல, அடிவண்டல் வரை குடித்தார்.

அவர் வாயை முந்தானையால் துடைத்துவிட்டாள் தைலம்மை. பிறகு, தயங்கித் தயங்கி:

“நான் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லலையேம்மா?”

யோகாம்பாள் காலிக் கிண்ணத்தை அவள் கையில் வைத்தார்.

“நாளைக்கு அடுத்த வேர் தர்றேன். இப்ப இன்னொரு கிண்ணம் கொண்டாங்க. உப்பு ஒரு கல் கூட இருக்கட்டும்.”