மேஸ்திரி முக்கின படகு

"ஆசானே, நான் பண்ணுன வேலைய ஒருக்கா ஏறிட்டுக்கூடப் பாக்க மாட்டியா?"

காஸ்மீரு மேஸ்திரிக்கு இதுதான் குறை.

ஊர்ல பாதி வீடு அவரு கட்டுனது. அம்பது வயசுக்கு மேல மீன் பிடிக்கிற ஆசை வந்து, பழைய ஃபைபர் படகு ஒண்ண வாங்கி, தானே மாத்திக் கட்டிட்டாரு. வெள்ளிக்கிழமை சம்சாரத்தையும் ஏத்திக்கிட்டு கடலுக்குப் போகணும்.

ஆசானுன்னு அவரு கூப்பிட்டது வியாகுலத்த. முப்பது வயசு பொம்பளை. கரையில ஓட்டை விழுந்த படகுக்கெல்லாம் அவதான் டாக்டரு. பேச்சு மட்டும் ரேஷன் கடை மண்ணெண்ணெ மாதிரி அளந்துதான் வரும்.

மேஸ்திரி விடல. பெயிண்ட்டக் காட்டுனாரு. பலகைக்கு அடியில சும்மா அடைச்சுக் கெடந்த ஃபோமையெல்லாம் நோண்டி எறிஞ்சிட்டு, ஐஸ் வைக்க ரூம் கட்டுனதச் சொன்னாரு. ரூமுன்னுதான் சொன்னாரு. ஜன்னல் வைக்காம விட்டாரே, அது பெரிசு.

வியாகுலம் அவரு கையில ஒரு வாளியக் கொடுத்தா.

"இடுப்பளவு தண்ணிக்குத் தள்ளுங்க. எஞ்சினக் கழட்டிட்டு அந்த எடைக்கு மண்ணு மூட்டை வைங்க. அப்புறம் உள்ள தண்ணி ஊத்துங்க."

"எம்புட்டு?"

"ரொம்புற வரைக்கும்."

கரையே வேடிக்கை பாக்க வந்துருச்சு. ஊத்துனாரு. படகு நேரா தரைக்குப் போயி உக்காந்துச்சு. பெயிண்ட்டு மட்டும் தண்ணிக்குள்ள பளபளன்னு தெரிஞ்சுச்சு.

எல்லாரும் சிரிச்சாங்க. வியாகுலம் சிரிக்கல.

"நடுக்கடல்ல இப்படி ஆனா, உங்க வீட்டு அக்கா எதப் புடிச்சுக்கிட்டு மெதக்கும் மேஸ்திரி?"

அப்பத்தான் மேஸ்திரிக்கு உறைச்சுச்சு, தண்ணி ரொம்புனாலும் படக மெதக்க வைக்கத்தான் அந்த ஃபோமுன்னு.

வெள்ளிக்கிழமை வந்துச்சு, போச்சு. ஐஸ் ரூம இடிச்சாரு. புது ஃபோம் வாங்கி அடைச்சாரு. பொட்டுத் தண்ணி எறங்காம மேல ஃபைபர் போட்டு மூடுனாரு. ஃபைபர் தூசி பட்டு கை ரெண்டும் அரிச்சு, சோறு பிசைய முடியல.

ஒரு நாள் காலையில யாரும் சொல்லாமலே படகத் தண்ணிக்குத் தள்ளி, வாளிய எடுத்தாரு.

ஊத்துனாரு. படகு ரொம்புச்சு. ஒரு அமுங்கு அமுங்குச்சு. அப்படியே நின்னுச்சு. விளிம்பு தண்ணிக்கு மேலதான்.

சம்சாரத்தக் கூப்பிட்டாரு. அந்தம்மா திட்டிக்கிட்டே ஏறி, இடுப்பளவு தண்ணியில பலகை மேல உக்காந்துச்சு. படகு அசைஞ்சு கொடுத்துச்சு, எறங்கல.

வியாகுலம் வேற படகுல வேலையா குனிஞ்சிருந்தா.

அந்தப் பக்கம் படகுல போன ஒருத்தன் சத்தம் கொடுத்தான், மேஸ்திரி படகு முங்கிருச்சான்னு.

மேஸ்திரி நெஞ்ச நிமித்திக்கிட்டாரு.

"முங்கலடா. நான் முக்கி வெச்சிருக்கேன்."