எருமைக் கொம்பில் பறந்த கிளைடர்

தும்பிப்பாளையத்து ஆட்கள் ரொம்ப நல்லவர்கள். எது சொன்னாலும் அப்படியே செய்வார்கள். வம்பே அதுதான்.

ஒரு தடவை அந்த ஊரில் கிளைடர் போட்டி வைத்தார்கள். கிளைடர் என்றால் தெர்மாகோல் இறக்கை வைத்த குட்டி விமானம். எஞ்சின் கிடையாது. கையால் வீசினால் காற்றில் மிதந்து போகும். அதிக நேரம் பறக்க விட்டவருக்கு ஒரு கறவை எருமை பரிசு. எருமைக்கு மாலை போட்டு மைதானத்து ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். கட்டச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அதனால் கட்டவில்லை.

போட்டிக்கு வந்தது இரண்டே பேர். காளியண்ணனும் அவன் மச்சான் செங்கோடனும்.

காளியண்ணன் பெண்டாட்டி ரங்காயி காலையிலேயே சொல்லிவிட்டாள். "கடைப்பால்ல பாதி தண்ணி. பிள்ளை உடம்பே தேறமாட்டேங்குது. எருமை இல்லாம வீட்டுப்பக்கம் வந்துராதீங்க."

நடுவர் தேவசகாயம் சார் டவுனிலிருந்து வந்திருந்தார். நேரம் குறிக்கும் கடிகாரத்தை உள்ளூர் வையாபுரி கையில் கொடுத்தார்.

"கையை விட்டதும் அமுக்கு. தரையில பட்டதும் மறுபடி அமுக்கு. விமானத்தை யாரும் தொடக்கூடாது. ஒருத்தர் பறக்க விட்டா அடுத்தவர் கை தட்டணும். அதுதான் விளையாட்டு நாகரிகம்."

சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். போயிருக்கக் கூடாது.

காளியண்ணன் வீசினான். கிளைடர் மேலே போய், ஒரு வட்டம் அடித்து, நேராக எருமையின் இரண்டு கொம்புக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. எருமை தலையை ஆட்டிவிட்டு நடக்க ஆரம்பித்தது.

"அமுக்கட்டுமா?" என்றான் வையாபுரி.

"தரையில பட்டுச்சா?" என்று கேட்டான் செங்கோடன்.

"இல்லை."

"அப்ப இன்னும் பறக்குது."

மூவரும் பின்னாலேயே போனார்கள். செங்கோடன் விடாமல் கை தட்டினான். எருமை குளத்தில் இறங்கிக் கழுத்தளவு தண்ணீரில் படுத்தது. இவர்களும் இறங்கினார்கள்.

"தண்ணி தரையாண்ணே?" வையாபுரிக்குச் சந்தேகம்.

செங்கோடன் யோசித்தான். "தரையா இருந்தா மீனு நடந்துல்ல போகும்?"

காளியண்ணன் செங்கோடன் பக்கம் திரும்பினான். "மச்சான், இது இறங்கினாத்தான எருமை கிடைக்கும்?"

"நீயே எடுத்துக் கீழ வையேன் மாப்ளே."

"தொட்டா அது நாகரிகமா?" என்று சொல்லி அழுதான்.

"கண்ணைத் துடைச்சு விடுவேன் மாப்ளே. கை வேலையா இருக்குது."

சார் தேடிக்கொண்டு வந்தார். பார்த்தார். பேன்ட்டோடு குளத்தில் இறங்கி, கிளைடரைப் பிடுங்கிக்கொண்டு கரையேறினார்.

"போதும்யா!"

மூவரும் பதறிக்கொண்டு பின்னாலேயே ஏறினார்கள். எருமையும் ஏறியது.

"சார், அது தரையில படலீங்களே," என்றான் வையாபுரி. "இப்ப உங்க கையில இருக்குது. நீங்க கையை விட்டதும் அமுக்கறேன். நான் தயாருங்க."

"சாரும் போட்டியில சேந்துட்டாரு!" என்றான் செங்கோடன்.

"நாசமாப் போங்க!" சார் கிளைடரை வீசி எறிந்தார்.

கோபத்தில் வீசியதாலோ என்னவோ, அருமையாகப் பறந்தது. குளத்தைச் சுற்றியது. திரும்பி வந்து அதே கொம்பில் உட்கார்ந்தது.

வையாபுரி கடிகாரத்தை அமுக்கினான். காளியண்ணனுக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் நாகரிகம் என்று ஒன்று இருக்கிறதே! அவனும் கை தட்டினான்.

பொழுது சாயும்போது அவனுக்கு ரங்காயி சொன்னது நினைவு வந்தது. எருமையோடுதானே வரச் சொன்னாள்? எருமையின் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். பின்னால் வையாபுரி, கை தட்டியபடி செங்கோடன், கடைசியாகத் தலையில் கை வைத்துக்கொண்டு சார்.

ரங்காயி இடுப்பில் பிள்ளையோடு வாசலுக்கு ஓடி வந்தாள்.

"எருமை நமக்கா?"

"இன்னும் முடிவாகல. சார் பறந்துக்கிட்டு இருக்காரு."

"அதுவரைக்கும் பால் கறக்கலாமுங்களா?"

"கறக்கலாம்," என்றான் வையாபுரி. "எருமை தலை குனியாம மட்டும் பாத்துக்கோங்க."

ரங்காயி முகம் மலர்ந்துவிட்டது. வேலிப் படலோரம் சொட்டச் சொட்ட நின்ற சாரைப் பிள்ளைக்குக் காட்டினாள்.

"அங்க பாரு கண்ணு, மாமா எவ்வளவு அழகாப் பறக்கறாரு! கை தட்டு, கை தட்டு."

பிள்ளையும் தட்டியது.