உடும்பு அண்ணாச்சியின் காலடிப் பூட்டு

ஆவாரங்குளத்துத் தவளைகளும் மீன்களும் சேர்ந்து ஒரு மோட்டார் வாங்கின.

வேறு வழியில்லை. சித்திரை பிறந்தால் குளம் வற்றிவிடும். பக்கத்திலேயே கல் உடைத்த பள்ளம் ஒன்று இருந்தது. அதில் ஆண்டு முழுவதும் தண்ணீர் கிடக்கும். ஆனால் நடுவில் சுடுபாறை. மீன் நடந்து போய் அங்கே குடியேற முடியுமா? தண்ணீர்தான் மீனைத் தேடி வரவேண்டும்.

புற்றுமேட்டில் உடும்பு உத்தண்டராயர் கடை வைத்திருந்தார். காட்டில் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் ஒரு மோட்டார் கொடுத்தார். அதை ஓட்ட ஒரு பேட்டரியும் கொடுத்தார். வெயிலில் வைத்தால் சார்ஜ் ஏறும். மோட்டார் ஓடும். பள்ளத்துத் தண்ணீர் குளத்துக்கு வரும்.

அதற்கு விலையாக, அந்த மழைக்கு வந்த ஈசல் முழுவதையும் அண்ணாச்சி கேட்டு வாங்கிக்கொண்டார். தவளைகள் நாக்கை மடக்கிக்கொண்டு, ஒன்றைக்கூடத் தின்னாமல், பிடித்துப் பிடித்துக் கொடுத்தன. ஒரு தவளைக்கு இதைவிடப் பெரிய தியாகம் கிடையாது.

சில கோடைகள் நன்றாகவே போயின. அப்புறம் ஒரு கோடையில், வெயில் கொளுத்துகிற நேரமாகப் பார்த்து, மோட்டார் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோயிற்று.

அந்த நேரத்தில் குளத்தில் செவந்தி என்ற விரால் மீன் குஞ்சு பொரித்திருந்தாள். சிவப்புச் சிவப்பாக, கடுகளவு கண்ணோடு, ஒரு கூட்டம் குஞ்சுகள் அவள் தாடையை விட்டு விலகாமல் நீந்திக்கொண்டிருந்தன. செவந்திக்குத் தன்னைப் பற்றிக் கவலையில்லை. பெரிய விரால் சேற்றுக்குள்கூடக் கிடந்து பிழைத்துக்கொள்ளும். குஞ்சுகளுக்கு அது முடியாது. குளத்துத் தண்ணீர் போனால் அவையும் போய்விடும்.

"யாராவது கோமளாவைக் கூப்பிடுங்களேன்!" என்று செவந்தி கத்தினாள்.

கோமளவல்லி ஒரு மரங்கொத்தி. கெட்டுப்போன எதைக் கண்டாலும் திறந்து பார்க்காமல் அவளுக்குத் தூக்கம் வராது. அதைவிட, திறந்து பார்த்ததைப் பற்றிப் பெருமையடிக்காமல் சுத்தமாகத் தூக்கம் வராது.

"என்னை மாதிரி ஒருத்தி இந்தக் காட்டிலே உண்டா? தள்ளுங்க, தள்ளுங்க!" என்று சொல்லிக்கொண்டே வந்து இறங்கினாள்.

பேட்டரியை நிழலுக்கு இழுத்துப் போகச் சொன்னாள். பக்கத்தில் மணல் குவிக்கச் சொன்னாள். பிறகுதான் மூடியைத் திறந்தாள். உள்ளே சின்னச் சின்ன செல்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றையும் அலகால் தட்டிக்கொண்டே போனாள். டொக். டொக். டொக். டப்!

"இதோ இருக்கான் ஆளு! இந்த ஒரு செல்தான் சவலை. மத்ததெல்லாம் கல்லு மாதிரி இருக்கு. ஒருத்தன் படுத்துட்டா எல்லாரும் படுத்துடுவானுங்க. அவ்வளவுதான் விஷயம்!"

தன் பொந்தில் சேர்த்து வைத்திருந்த சாமான்களிலிருந்து நல்ல செல் ஒன்றைக் கொண்டு வந்தாள். சவலையை எடுத்துவிட்டு அதைப் பொருத்தினாள். மூடினாள். வெயிலில் வைத்தாள். பேட்டரியில் சார்ஜ் ஏறிற்று. தவளைகள் கைதட்டத் தயாராயின.

அப்போது பேட்டரி பேசியது.

"அன்பார்ந்த வாடிக்கையாளரே! அந்நியர் கை பட்டதால் நான் இறந்துவிட்டேன். தயவுசெய்து புதிய பேட்டரி வாங்கவும். நன்றி, வணக்கம்!"

கோமளா இப்படியும் அப்படியும் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "செத்துட்டேன்னு சொல்லவா உனக்கு இவ்வளவு தெம்பு? நல்லாத்தானே இருக்கே, எழுந்திரு!"

"நான் இறந்துவிட்டேன். நன்றி, வணக்கம்!"

ஒரு தவளைக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. பேட்டரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்கத் தொடங்கியது. மற்றத் தவளைகளும் சேர்ந்துகொண்டன.

"விளையாட்டா இருக்கா உங்களுக்கு?" என்று செவந்தி சீறினாள். "இங்கே பிள்ளைங்க மூச்சு வாங்குதுங்க!"

ஒப்பாரி சட்டென்று நின்றது.

கோமளா மறுபடி திறந்து, நெடுநேரம் உற்றுப் பார்த்தாள். அவளுக்கே கோபம் வந்துவிட்டது. "பேட்டரிக்கு ஒரு நோயும் இல்ல. அண்ணாச்சி உள்ளே பூட்டு வெச்சிருக்காரு. இரும்புப் பூட்டு இல்ல, நான் கொத்தித் திறக்கிறதுக்கு. வெறும் கட்டளை! 'என் வலது முன்னங்காலை வெச்சாத்தான் வேலை செய்யணும். வேற யார் திறந்தாலும் செத்த மாதிரி நடி'ன்னு சொல்லிக் கொடுத்திருக்காரு."

தவளைகள் புற்றுமேட்டுக்கு ஓடின.

அண்ணாச்சி அப்போதுதான் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டார். "அடடா, திறந்தீங்களா? ஏன் திறந்தீங்க? கண்டவங்க கை வெச்சா வெடிச்சுடும்! உங்க பாதுகாப்புக்காகத்தானே பூட்டு வெச்சேன்!" என்றார்.

"கோமளாக்கா நிழல்ல வெச்சு, மணல் குவிச்சு, பார்த்துப் பார்த்துத்தான் செஞ்சாங்க, அண்ணாச்சி. ஒண்ணும் ஆகல. நீங்க ஒரு தடவை வந்து காலை வெச்சீங்கன்னா ஓடிடும்!"

"எதுக்கு வெக்கணும்? அது செத்துப்போச்சு."

"நல்லாத்தானே இருக்கு!"

"நல்லா இருக்கா செத்துப்போச்சான்னு நான்தான் சொல்லணும். செஞ்சவன் நானா, நீங்களா?" என்றார் அண்ணாச்சி. "புதுசு ஒண்ணு வாங்கிக்குங்க. வர்ற மழை ஈசலையும், அதுக்கு அடுத்த மழை ஈசலையும் கொடுத்துடுங்க. நாளைக்கு நானே தூக்கிட்டு வந்து, காலைப் பதிச்சு ஓட்டிக் கொடுக்கிறேன்."

தவளைகள் எவ்வளவோ கெஞ்சின. அழுதுகூடப் பார்த்தன. உடும்பு பிடித்த பிடியை விடுமா? திரும்பி வந்து செவந்தியிடம் சொன்னபோது, அவள் யோசிக்கவே இல்லை.

"கொடுக்கிறோம்னு சொல்லித் தொலைங்க! என் பிள்ளைங்க இருந்தாப் போதும்."

மறுநாள் காலையில் அண்ணாச்சி புதுப் பேட்டரியை முதுகில் கட்டிக்கொண்டு வந்தார். ஆள் அப்படி ஒரு பளபளப்பு! தலையிலிருந்து வால் நுனி வரை மின்னினார்.

"என்ன அண்ணாச்சி, ஆளே மாறிட்டீங்க!" என்றன தவளைகள்.

"நேத்து சாயங்காலம் தோல் உரிச்சேன்" என்றார் அவர், கழுத்தை நிமிர்த்தி. "உடம்புத் தோல் அப்பப்போ உரியும். இந்த வலது முன்னங்கால் தோல் மட்டும் பல வருஷமா விடாம ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. இந்தத் தடவை அதுவும் காலுறை மாதிரி முழுசாக் கழண்டு வந்துடுச்சு. காலு எவ்வளவு லேசா இருக்கு தெரியுமா!"

அந்த லேசான காலைத் தூக்கிப் புதுப் பேட்டரியின் மேல் கம்பீரமாக வைத்தார்.

"அந்நியர்! அந்நியர்! நான் இறந்துவிட்டேன். நன்றி, வணக்கம்!"

அண்ணாச்சி திடுக்கிட்டார். காலைப் புல்லில் துடைத்துவிட்டு வைத்தார். எச்சில் தொட்டு வைத்தார். இடது காலை வைத்தார். பின்னங்காலை வைத்தார். கடைசியில் வாலைக்கூட வைத்துப் பார்த்தார். புதுப் பேட்டரி ஒவ்வொரு முறையும் செத்தது. பழைய பேட்டரிக்குப் போனார். அதுவும் சளைக்காமல் செத்தது.

"நான்தான்டா உன்னைச் செஞ்சவன்! என்னையே தெரியலையா உனக்கு?"

"அந்நியரே, தொந்தரவு செய்யாதீர்கள். நன்றி, வணக்கம்!"

கிளையில் இருந்த கோமளா விழுந்து விழுந்து சிரித்தாள். "அண்ணாச்சி! உங்க பாதத்திலே இருந்த வெடிப்பையும் வரியையும் பார்த்துத்தானே பூட்டு உங்களை அடையாளம் கண்டுக்குது? அதெல்லாம்தான் பழைய தோலோட போயிடுச்சே! இது குழந்தைக் கால் மாதிரி வழவழன்னு இருக்கு. இதை அதுக்கு எப்படித் தெரியும்?"

அண்ணாச்சியின் பளபளப்பெல்லாம் ஒரு நொடியில் மங்கிப்போயிற்று. அப்படியே உட்கார்ந்துவிட்டார். "கடையிலே இருக்கிற பேட்டரி எல்லாத்துக்கும் அதே பூட்டுதானே..." என்று முனகினார். பிறகு துள்ளி எழுந்தார். "தோல்! என் கால் தோல்! புத்துக்குப் பின்னாலதான் கடாசினேன். காலையிலே அங்கே காணோமே! யாராவது பார்த்தீங்களா?"

குளக்கரை மருத மரத்திலிருந்து ஓர் அணில் எட்டிப் பார்த்தாள். அவள் பெயர் குஞ்சம்மாள்.

"அதுவா அண்ணாச்சி? மெத்து மெத்துன்னு இருந்துச்சுன்னு நான்தான் எடுத்துட்டு வந்தேன். கூட்டிலே மெத்தை போட்டிருக்கேன். பிள்ளைங்க அதுமேலதான் தூங்குதுங்க."

"நல்லதாப் போச்சு! கொண்டா இங்கே!"

"எதுக்குக் கொண்டாரணும்? நீங்க வேண்டாம்னு போட்டது. நான் எடுத்துக்கிட்டேன். இப்ப அது என்னுது."

"என்னது, உன்னுதா?" அண்ணாச்சி வாலைத் தரையில் அடித்தார். "என் உடம்பிலே இருந்து வந்தது! அது எங்கே கிடந்தாலும், யார் கையிலே இருந்தாலும் என்னுதுதான்!"

குஞ்சம்மாள் வாலைத் தூக்கிக்கொண்டு இரண்டு கிளை இறங்கி வந்தாள்.

"நீங்க தூக்கிப் போட்டதும் உங்களுது. தவளைங்ககிட்ட விலை வாங்கிக்கிட்டு வித்ததும் உங்களுது. அப்போ எங்களுதுன்னு இந்தக் காட்டிலே என்னதான் இருக்கு அண்ணாச்சி?"

அண்ணாச்சி வாயைத் திறந்தார்.

"சண்டையை அப்புறம் போடுங்க!" என்று குளத்திலிருந்து செவந்தியின் குரல் வந்தது. "தண்ணி என் முதுகுக்குக் கீழே போயிடுச்சு! குஞ்சம்மா, நீயும் பிள்ளை பெத்தவதானே?"

அவ்வளவுதான். குஞ்சம்மாள் கூட்டுக்குப் பறந்தாள் என்றே சொல்லவேண்டும். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளை ஓர் ஓரமாக உருட்டிவிட்டு, தோலை உருவிக்கொண்டு வந்தாள். அண்ணாச்சி ஆவலாகக் காலை நீட்டினார். அவள் அவரைத் தாண்டிப் போய்க் கோமளாவிடம் கொடுத்தாள்.

கோமளவல்லியின் ஒல்லிக் காலில் அது தொளதொளவென்று தொங்கியது. அதை இழுத்துவிட்டுக்கொண்டு, பழைய பேட்டரியின் மேல் அழுத்தினாள்.

"வணக்கம், உரிமையாளரே! தங்களைக் கண்டதில் மகிழ்ச்சி. நான் மிக நலமாக இருக்கிறேன்!"

"பொழைச்சுக்கிட்டான்யா!" என்று தவளைகள் குதித்தன.

மோட்டார் ஒரு முறை இருமியது. பிறகு ஓடத் தொடங்கியது. பள்ளத்துத் தண்ணீர் குபுகுபுவென்று குளத்தில் வந்து விழுந்தது. தாயோடு ஒட்டிக் கிடந்த குஞ்சுகள் அந்தக் குளிர்ச்சியில் ஒரே சமயத்தில் வாலை ஆட்டின. செவந்தி அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதாளோ என்னவோ, தண்ணீருக்குள் யாருக்குத் தெரியும்?

பேட்டரி இன்னும் முடிக்கவில்லை. "உரிமையாளரே, இனிமேல் நான் யார் சொல்லைக் கேட்கவேண்டும்?" என்று பணிவாகக் கேட்டது.

"என் பேரைச் சொல்லு கோமளா!" என்று அண்ணாச்சி பாய்ந்து வந்தார். "என் புதுக் காலைப் பதிச்சுடறேன்! இந்தப் புதுப் பேட்டரியை உனக்கு இலவசமாவே தர்றேன்!"

"நம்ம காலைப் பதியுங்க அக்கா!" என்று தவளைகள் கத்தின. "இனிமே எல்லாரும் நம்மகிட்ட வந்து நிக்கட்டும்!"

கோமளா தன் காலைப் பார்த்தாள். தன் காலையே பதித்துவிட்டால்? காடே அவள் மரத்தடியில் வந்து காத்துக்கிடக்கும்! அவள் மனம் அதை ஒரு கணம் சுவைத்துப் பார்த்தது உண்மைதான்.

செவந்தி கரையோரம் வந்து தலையைத் தூக்கினாள். "கோமளா, நாளைக்கே உன்னைப் பருந்து தூக்கிட்டுப் போச்சுன்னா, என் பிள்ளைங்க யார் காலைத் தேடிப் போகும்?"

கோமளாவின் முகம் மாறியது. அலகைத் தாழ்த்தி, பேட்டரியிடம் தெளிவாகச் சொன்னாள்: "உன்னைச் சரிபண்ண யார் வந்தாலும் வரட்டும். அவங்க சொல்லைக் கேளு. பூட்டே வேண்டாம்."

"அப்படியே ஆகட்டும்" என்றது பேட்டரி. "எனக்கும் செத்துச் செத்துச் சலித்துவிட்டது."

அண்ணாச்சி கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார். "கோமளா... அம்மா குஞ்சம்மா... கடை முழுக்கப் பேட்டரி அடைச்சுக் கிடக்கே. அந்தத் தோலை ஒரே ஒரு நாள்..."

"தோல் தரமாட்டேன். ஆனா நானே வர்றேன்" என்றாள் கோமளா. "ஒவ்வொரு பேட்டரியா உயிர் கொடுக்கிறேன். ஒவ்வொண்ணுக்கும் பூட்டை எடுத்துடுவேன். அடுத்த ரெண்டு மழைக்கும் தவளைங்க உங்களுக்கு ஒண்ணும் தரவேண்டாம். சம்மதமா?"

சம்மதிக்காமல் என்ன செய்வார்? தன் சரக்கைத் தானே விற்க முடியாத கடைக்காரர் காட்டிலேயே அவர் ஒருவர்தான். வேகவேகமாகத் தலையாட்டினார். கோமளா தொளதொளக் காலோடு முன்னே பறந்தாள். அண்ணாச்சி புதுப் பேட்டரியை மறுபடி முதுகில் கட்டிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கப் பின்னால் ஓடினார்.

பொழுது சாய்வதற்குள் குளம் பாதி நிறைந்தது. செவந்தியின் குஞ்சுகள் முதல் முறையாக அவள் தாடையை விட்டு விலகி, அக்கரை வரை போய்விட்டுத் திரும்பி வந்தன.

வாங்கியவர் திறந்து பழுது பார்க்க முடியாத பொருள், விற்ற பிறகும் விற்றவருடையதாகவே இருக்கிறது. பிறரை வெளியே நிறுத்த அவர் போட்ட பூட்டோ, ஒருநாள் அவரையும் வெளியே நிறுத்திவிடும்.