மயிலாத்தா கேட்ட பச்சை

சத்சங்கம் முடிந்து எல்லோரும் எழுந்து போகும்வரை நாச்சிமுத்து காத்திருந்தார். பிறவி, கர்மம், முக்தி என்று பெரிய பெரிய கேள்விகளாகக் கேட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் காதுபடத் தன் கேள்வியைக் கேட்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

குருநாதர் அவரைவிட வயதில் இளையவர். அண்ணா என்றுதான் கூப்பிடுவார்.

“என்னங்ணா, தொண்டையில ஏதோ நிக்குதாட்ட இருக்கு?”

“சிரிக்கக் கூடாதுங்க சாமி. வீட்டுப் புல்தரைக்கு எந்த உரம் போடறதுங்க?”

குருநாதர் சிரிக்கவில்லை. “இதுவரைக்கும் என்ன போட்டீங்க?”

“யூரியா போட்டேன், கருகிப்போச்சு. தொழுவுரம், வேப்பம் புண்ணாக்கு, மண்புழு உரம்… கடைக்காரர் கையக் காட்டினதையெல்லாம் வாங்கியாந்தேனுங்க.”

“அவருக்கு நல்ல வருசம். தரை முழுசுமா காயுது?”

“இல்லீங்க. ஒரே இடம். ஒரு பாய் விரிக்கிற அகலம்.”

பிறகு மெதுவாகச் சொன்னார். அந்தப் புல்தரை அவர் மனைவி மயிலாத்தா கணுக் கணுவாக ஊன்றி வளர்த்தது. வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தபின், சாயங்காலமானால் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டுபோய் அங்கேதான் நிறுத்துவார். சக்கரம் பட்டுப் பட்டு அந்த இடம் மட்டும் மொட்டையாகிவிட்டது. கண் மூடுவதற்கு முன்னால், குழறும் நாக்கோடு அவள் கேட்டாள்: ‘நான் போனதும் இந்த எடத்தப் பச்சையாக்கிப் போடுங்க.’ சரி என்று அவள் கையைப் பிடித்திருந்தார்.

“கட்டிட்டு வந்த நாள்ல இருந்து எங்கிட்ட எதுவும் கேட்டவ இல்லீங்க. மொத வருசத் தலைத்திவசம் வருது. பச்சை பிடிக்காம அவ படத்துக்கு முன்னால எந்த மூஞ்சிய வெச்சுட்டு நிப்பேன்?”

“நாளைக்கு வர்றேன்” என்றார் குருநாதர்.

மறுநாள் வெயில் சாய்கிற நேரத்தில் வந்தார். மொட்டை இடத்தின் ஓரமாகக் குந்தி மண்ணைக் கிள்ளினார். மோந்து பார்த்தார்.

“உரத்துல குத்தமில்ல.”

“அப்பறம் ஏனுங்க சாமி?”

“நான் இப்பிடி ஓரமா உக்காந்துக்கறேன். தெனமும் என்ன செய்வீங்களோ, அதையே செய்யுங்க.”

நாச்சிமுத்து தண்ணீர் விட்டார். உள்ளே போய்க் காப்பி கலந்து எடுத்துவந்தார். செருப்பைக் கழற்றினார். மொட்டை இடத்தின் நடுவில் போய் நின்றுகொண்டார்.

முதலில் கொஞ்சம் கூச்சம் இருந்தது. பிறகு குருநாதர் இருப்பதே மறந்துபோனது.

“மயிலு, பெரியவ போன் பண்ணியிருந்தா. பேரனுக்குக் காய்ச்சல் விட்டுருச்சாம். காப்பியில இன்னிக்கும் சக்கரை தூக்கலாப் போயிருச்சு. நீயா இருந்தா மூஞ்சியச் சுழிப்ப…”

ஒரு காலில் இருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்று பேசிக்கொண்டே இருந்தார். திரும்பியபோதுதான், குருநாதர் தன் முகத்தைப் பார்க்கவில்லை என்பது தெரிந்தது. பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“காலை எடுங்ணா.”

எடுத்தார். ஈர மண்ணில் பாதம் அழுந்திய பள்ளம். அதற்குள் ஊசி முனையளவு பச்சை ஒன்று மடங்கிக் கிடந்தது. பக்கத்தில் இன்னொன்று. அது ஏற்கெனவே வெளுத்திருந்தது.

நாச்சிமுத்து அதையே பார்த்தார்.

“தெனமுமாங்ணா?”

“பொழுது சாஞ்சா கால் தன்னால இங்க வந்துருதுங்க.”

குருநாதர் கையைக் காட்டி அவரை ஓரத்துக்கு வரச் சொன்னார்.

“இங்க நிக்காம வேற எங்கீங்க சாமி போவேன்?” நாச்சிமுத்துவின் குரல் உடைந்தது. “அவ இருந்த எடம் எனக்கு இது ஒண்ணுதானுங்களே.”

குருநாதர் குனிந்து, மடங்கிய புல்லை ஒற்றை விரலால் நிமிர்த்தினார்.

“இத்தனை புல்லையும் தன் கையால வெச்சவங்க அவங்க. பச்சை பிடிக்கோணும்னா நீங்க இங்கயே வந்து நிக்கக் கூடாதுன்னு தெரியாமயாங்ணா உங்ககிட்டக் கேட்டிருப்பாங்க?”